மாமாவுக்கும் எனக்கும் தெரிகிற பச்சை

12.1.1966

பனி. ஒன்பது மணிக்கும் மலை தெரியவில்லை. பெயிண்ட் கம்பெனி ஏஜென்ட் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. அப்பா என்னிடம் தள்ளிவிட்டார். "தெனம் எழுது. கையெழுத்தாவது உருப்படட்டும்."

என் பெயர் பாண்டியன். ஆறாம் வகுப்பு. போடி பஜாரில் எங்கள் கடை. ஆணி, தாழ்ப்பாள், கயிறு, பெயிண்ட் டப்பா, வர்ணப் பொடி. பொங்கல் வருவதால் பொடி நன்றாகப் போகிறது. பள்ளிக்கூடம் லீவு. நானும் செல்வி அக்காவும் பொட்டலம் கட்டுகிறோம்.

பொட்டலம் கட்டுகிற பேப்பரில் ஏஜென்ட்டை வரைந்தேன். அடுப்புக்கரி. மூக்கு அப்படியே வந்துவிட்டது. அவரே பார்த்துச் சிரித்தார். பேப்பரை வீணாக்காதே என்றார் அப்பா. ஆனால் கிழிக்கவில்லை.

14.1.1966

பொங்கல். பாயசம். குட்டு.

பொடிச் சாக்குகள் எப்போதும் சுவரோரம் வரிசையாக இருக்கும். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை. நேற்று கடையைக் கழுவிவிட்டபோது மாற்றி வைத்துவிட்டார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாட்டுக் கொம்புக்குப் பூச சிவப்பு கேட்டு ஒருத்தர் வந்தார். வழக்கமான இடத்தில் இருந்து அள்ளிக் கட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்.

"ஏலே, செவப்புக் கேட்டா பச்சையக் கட்டிக் குடுத்திருக்க! என் காளைய என்ன கிளியாக்கப் பாக்குறியா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரிப்பு. அப்பா தலையில் ஒரு குட்டு. "எங்கன பாத்துக்கிட்டு அள்ளுன?"

சாக்கைப் பார்த்துக்கொண்டுதான் அள்ளினேன்.

சாக்கு மாறினது உனக்கு எப்படித் தெரிந்தது என்று அக்காவைக் கேட்டேன். "பாத்தாத் தெரியாதாடா?" என்றாள். நானும்தானே பார்த்தேன்.

15.1.1966

மாட்டுப் பொங்கல். கடை அடைப்பு. வெளியே மணிச் சத்தம்.

சிவப்பில் ஒரு சிட்டிகை, பச்சையில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைப் பேப்பரில் வைத்தேன். இரண்டும் மண் மாதிரி. ஒன்று கொஞ்சம் இருட்டு. அக்காவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இடம் மாற்றி வைத்தேன். சரியாகச் சொன்னாள். மறுபடி மாற்றினேன். மறுபடியும் சரி. ஒளிந்திருந்து பார்த்தாளோ என்று கண்ணைக் கட்டிவிட்டு மாற்றினேன். கட்டை அவிழ்த்ததும் யோசிக்கவே இல்லை. டக்கென்று சொல்கிறாள்.

ஒருவேளை வாசனையோ? மோந்து பார்த்தேன். பச்சைக்குத் துருப் பிடித்த ஆணி வாசனை. சிவப்புக்கு ஒன்றும் இல்லை. இனிமேல் மோந்து பார்த்துக் கட்டலாம்.

தும்மல். அக்கா முகமெல்லாம் பொடி. அதற்கும் ஒரு குட்டு.

9.8.1968

மலையில் மழை, ஊரில் வெறும் காற்று. புழுதி. உத்தமபாளையத்தில் ஓவியப் போட்டி. பஸ்ஸில் டிராயிங் மாஸ்டரும் நானும் வேறு நாலு பேரும்.

தலைப்பு: சந்தை. தேனி சந்தையை நினைத்துக்கொண்டு வரைந்தேன். தராசு பிடிக்கிறவர், கோழிக் கூடை, சாக்கு மேல் தூங்குகிற ஆள். கிரேயான் குச்சிகளில் அக்கா ஊசியால் எழுத்துக் கீறிக் கொடுத்திருந்தாள். சி, ப, நீ, ம. எதற்கு இது என்று கேட்டாள். குழப்பம் வருது என்றேன். "உனக்கு அவசரம்டா, அதான்" என்றாள்.

இரண்டாம் பரிசு. சோப்பு டப்பா. நடுவராக வந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒருவர்: "கோடு குதிர மாதிரி ஓடுது." இன்னொருவர்: "கலரு நொண்டுதே."

உண்மைதான். கோடு போடும்போது யாரையும் கேட்க வேண்டாம். கலர் அடிக்கும்போது ஒவ்வொரு குச்சியாகத் திருப்பித் திருப்பி எழுத்துப் பார்க்கிறேன். இலைக்கு ப. தக்காளிக்கு சி. மற்ற பையன்களைப் பார்த்தேன். அவர்கள் குச்சியில் எதையும் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன், சிவப்பு எப்படி இருக்கும்?

"ரத்தம் மாதிரி இருக்கும்."

ரத்தம் எப்படி இருக்கும்?

"செவப்பா இருக்கும். போய் கைகால் கழுவு."

3.5.1972

மதுரை. வெயில். ரயில்வே வேலைக்கு மெடிக்கல். எழுத்துப் பரீட்சை பாஸ் ஆனதில் இருந்து அப்பா தெருவில் நிமிர்ந்து நடந்தார். கூடவே வந்து வாசலில் காத்திருந்தார்.

உயரம் சரி. மார்பு சரி. தூரத்து எழுத்தெல்லாம் கடைசி வரி வரை படித்தேன். அப்புறம் ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வட்டம், வட்டம் முழுக்கப் புள்ளி. கூழாங்கல் பரப்பின மாதிரி அழகாக இருந்தது.

"என்ன நம்பர்?" என்றார் டாக்டர்.

"எந்த நம்பர் சார்?"

அடுத்த பக்கம். அதற்கும் அடுத்தது. எனக்குப் பின்னால் நின்றவனை எட்டிப் பார்க்கச் சொன்னார். அவன் மூக்கைச் சொறிந்துகொண்டே சரசரவென்று சொல்லிவிட்டான். நான் மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தேன். கூழாங்கல்தான்.

ஒரு பக்கத்தில் மட்டும் எனக்கு நம்பர் தெரிந்தது. சொன்னேன். பின்னால் நின்றவன் "அங்கன ஒண்ணுமே இல்லையே" என்றான். டாக்டர் தலையாட்டினார். "அது அப்படித்தான். அந்தப் பக்கம் உன்ன மாதிரி ஆளுக்கு மட்டும்தான் படிக்க வரும். எனக்கே தெரியாது."

அவருக்கே தெரியாது! சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சார், அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை காட்டுங்க என்றேன். நிமிர்ந்து பார்த்தார். இந்த வேலை போய்விட்டது என்று தெரிந்த பிறகு புத்தகத்தைக் கேட்டவன் நான் ஒருத்தன்தானாம். காட்டினார்.

பிறவியிலேயே வருவது. சிவப்பும் பச்சையும் பிரியாது. மருந்து கிடையாது. பார்வைக்கு வேறு கெடுதல் இல்லை. "அம்மாகூடப் பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களா? அவங்களுக்கும் இருக்கலாம்" என்றார்.

ஒரே ஒரு மாமா. சுருளிப்பட்டி.

திரும்புகிற ரயில் உசிலம்பட்டி தாண்டியது. ஜன்னலில் கரி. அப்பா மெதுவாக: "அப்ப... அன்னிக்குப் பொங்கலப்ப ஒன்னயக் குட்டினேனே..." விடுங்கப்பா என்றேன்.

வேலை போனதற்கு அழ வேண்டும் போல இல்லை. எனக்கு மட்டும் தெரிந்த அந்த நம்பர்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

4.5.1972

அம்மா அழுகை. "என் பொறந்த வீட்டுல யாருக்கும் கண்ணுல கோளாறு கெடையாது. என் தம்பிக்குக் கழுகுக் கண்ணு." டாக்டர் மேல் கோபம்.

அக்காவுக்குச் சமையல்கட்டையே பரிசோதனைக் கூடமாக்க ஆசை. முறத்தில் பரப்பி வைத்தாள்.

பச்சை மிளகாய், பழுத்த மிளகாய்: வித்தியாசம் கொஞ்சம். பழுத்தது இருட்டு.
தக்காளி, காயும் பழமும்: தொட்டால் தெரியும். பார்த்தால் இல்லை.
மஞ்சள் கிழங்கு: நன்றாகத் தெரிகிறது. அதுதான் முறத்திலேயே பளிச்.
கறிவேப்பிலை, புளி: கலரில் அண்ணன் தம்பி.
அக்காவின் ரோஸ் ரிப்பன்: சாம்பல்.

"இது சாம்பலாடா? இதையாடா தெனமும் நல்லாருக்குன்னு சொன்ன?"

"நல்லாத்தானக்கா இருக்கு."

சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே ரிப்பனை அவிழ்த்து உற்றுப் பார்க்கிறாள், சாம்பல் எங்கேயாவது தெரிகிறதா என்று. அவளுக்கும் என் கண்ணைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிப் பார்க்க ஆசை.

20.5.1972

சுருளிப்பட்டி. மாமா தோட்டம். அம்மாவிடம் திராட்சை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த காரியம் வேறு. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் காலையெல்லாம் பந்தலுக்கு அடியில் சுற்றினேன். தன்னை வரைந்துகொடு என்றார் மாமா. வரப்பில் உட்கார வைத்து வரைந்தேன். மீசை அவருக்குத் திருப்தி. காது பெரிது என்றார். காது பெரிதுதான்.

அத்தை சோறு கொண்டுவந்தாள். சாப்பிடும்போது இலைக்கு நடுவில் ஒரு வெட்டுக்கிளி. "அந்தா ஒண்ணு" என்று நானும் மாமாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"எங்க?" என்றாள் அத்தை.

கை நீட்டிக் காட்டினேன். தெரியவில்லை அவளுக்கு. கிட்டப் போய்க் குனிந்தாள். அது தாவின பிறகுதான் தெரிந்தது. "எலையும் பச்சை, அதுவும் பச்சை. மாமனும் மருமகனும் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீகளோ" என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் புள்ளிப் பக்கத்து நம்பர் மாதிரி, எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்திருக்கிறது. அத்தை கிணறு தாண்டும் வரை பொறுத்துவிட்டுக் கேட்டேன்.

"மாமா, இந்த எலையும் இந்த மண்ணும் உங்களுக்கு ஒரே மாதிரியா தெரியுது?"

கையில் உருட்டின சோறு அப்படியே நின்றது. சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஒனக்குமா மாப்ள?"

ஆமாம் என்றேன். டாக்டர் சொன்னது எல்லாம் சொன்னேன். அந்தப் புள்ளிப் புத்தகத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். நமக்கு மட்டும் தெரிகிற பக்கம் ஒன்று இருக்கிறது என்றதும் அப்படி ஒரு சிரிப்பு.

பிறகு அவர் சொன்னது. சின்ன வயதில் எல்லாரும் பழுத்த தக்காளி பறிக்கையில் இவர் காயைப் பறித்துப் போட்டு அடி வாங்கியிருக்கிறார். புத்தி மட்டு என்று பேர். அதில் இருந்து அமுக்கிப் பார்த்துப் பறிக்கப் பழகினாராம். கல்யாணம் ஆன பிறகு பறிக்கிற வேலை வந்தால் இடுப்பு வலி. அத்தை பறித்துவிடுவாள்.

"எல்லாரும் கேட்டாக, நல்லா வெளையிற தக்காளிய விட்டுட்டு ஏன் திராட்சை போட்டேன்னு. தெரியுமா? இது பழுத்தாக் கறுத்துப்போகும். யாரையும் கேக்க வேணாம்."

அத்தைக்குத் தெரியுமா?

"ஏலே, சொல்லிப்புடாத. கண்ணு நொள்ளைன்னு தெரிஞ்சா அவுக வீட்டுல பொண்ணே குடுத்திருக்க மாட்டாக."

சாயங்காலம் வரை பந்தலடியில் இருந்தோம். அவர் ஒரு இலையைக் கிள்ளிக் காட்டுவார், நான் அதற்குச் சமமான மண்ணங்கட்டியைத் தேடி எடுப்பேன். "அதான், அதான்" என்பார். அத்தை வருகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவோம். என் கண்ணுக்குத் தெரிவதைச் சரி என்று சொன்ன முதல் ஆள்.

2.6.1972

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மெட்ராஸில் ஓவியம் படிக்க ஒரு கல்லூரி இருக்கிறது, அஞ்சு வருஷம், டிப்ளமா.

அப்பா கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கடையில இருக்கிறது நாலு சாக்கு. அதையே பிரிக்கத் தெரியல. நீ அங்க போயி வர்ணம் படிக்கப் போறியா? கால் இல்லாதவன் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்த மாதிரி இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

18.6.1972

மாமா திராட்சைக் கூடையோடு வந்தார். அப்பாவும் அவரும் கடைக்குள் பேச்சு. நான் ஆணி எடை போட்டுக்கொண்டே.

"கோடு போடக் கலரு எதுக்கு மச்சான்? என் காதை எப்படிப் போட்டிருக்கான் பாருங்க."

"படம்னா வர்ணம் இல்லாமயா மாப்ள?"

"மச்சான், அவன் பாக்குறதும் ஒரு பார்வைதான." மாமா குரல் திடீரென்று ஏறிவிட்டது. கயிறு வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். மாமா முகம் வியர்த்துவிட்டது. இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் தன் கதையும் வெளியே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் பூட்டு ஒன்றைத் திறந்து திறந்து மூடினார். "ஒரு வருஷம் கடையில இருக்கட்டும். அடுத்த வருஷமும் இதே நெனப்பு இருந்தாப் போகட்டும்."

10.7.1973

மெட்ராஸ். இதே நினைப்புதான் இருந்தது. நுழைவுத் தேர்வு. கசகசப்பு. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

காலையில் பென்சில்: ஒரு ஆள் ஸ்டூலில். சுகம். மத்தியானம் கலர்: பானை, எலுமிச்சை, மடித்த துணி. துணி என்ன நிறம் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாக, "அந்தத் துணி கொஞ்சம் மங்கின மாதிரி இல்ல?" என்றேன். "பின்னே, பழைய செவப்பு இல்லியா" என்றாள். அது போதும். டியூபில் எழுதியிருந்ததைப் படித்துப் பிழிந்தேன்.

23.7.1973

இடம் கிடைத்துவிட்டது. அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். கடையில் இருந்து நல்ல பிரஷ் ஒரு கட்டு. ஏறும்போது: "டப்பாவுல எழுதியிருக்கிறதப் பாத்துப் பாத்து எடு. தெரியாதத தெரியும்னு சொல்லாத."

விண்ணப்பத்தில் கண் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

4.2.1975

மெட்ராஸ். காலை ஸ்கெட்ச், மத்தியானம் பெயிண்டிங். பொங்கல் லீவில் சுருளிப்பட்டியில் போட்ட ஸ்கெட்சை வைத்து மாமா படம். எண்ணெய் வர்ணம். என் டியூப்களில் பாதி லேபிள் எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது. மாமாவின் கன்னத்து நிழலுக்கு ஒரு பழுப்பைத் தேடிப் பிழிந்தேன். நன்றாக உட்கார்ந்தது. மாமாவே வந்து நின்ற மாதிரி.

பெயிண்டிங் மாஸ்டர் பின்னால் நின்றார். ரொம்ப நேரம். வகுப்பு முழுவதையும் கூப்பிட்டார்.

"பாருங்க. முகத்துல பச்சையை வைக்க என்ன தைரியம் வேணும்! கருவேப்பிலைப் பச்சை. ஒரு விவசாயி, அவன் பயிராவே ஆயிட்டான். ரெண்டு வருஷமா இதைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

எல்லாரும் கை தட்டல். நான் படத்தில் பச்சையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

5.2.1975

தூக்கம் இல்லை. ஆண்டுக் கண்காட்சிக்கு மாமா படத்தைப் போடப்போகிறார்கள். கூட ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர்: பச்சையை ஏன் தேர்ந்தெடுத்தேன்.

தேர்ந்தெடுக்கவே இல்லையே. படம் மாமா மாதிரி இருக்கிறது என்றுதான் எனக்குச் சந்தோஷம். அவர்களுக்கு மாமா மாதிரி இல்லை என்பதில் சந்தோஷம். ஒரே படத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. சொன்னால் அனுப்பிவிடுவார்களா? சொல்லாவிட்டால் இனி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொய் எழுத வேண்டும்.

7.2.1975

சொல்லிவிட்டேன். மாஸ்டர் அறையில். சிகரெட் பற்ற வைக்கப் போனவர் வைக்கவில்லை.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ நான் அன்னிக்கு அவ்வளவு பேசினேனே, அது?"

"நீங்க பேசினது தப்புன்னு சொல்லல சார். நான் செஞ்சது அது இல்லன்னு சொல்றேன்."

ஜன்னல் பக்கம் போய் நின்றார். மேஜையில் இருந்த பெயிண்ட் டியூபை எடுத்து எழுத்தை மறைத்துக்கொண்டு நீட்டினார். இது? தெரியல சார். இது? நீலம். இது? தெரியல. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் காட்டினார். பரீட்சை வைக்கிற மாதிரி இல்லை. அக்கா முறத்தில் பரப்பினபோது அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படி.

கண்காட்சியில் படம் வேண்டாம் என்று முடிவு. என்னைக் கல்லூரியை விட்டு அனுப்பப் போவதில்லை. தகட்டில் கீறி அச்செடுக்கிற எச்சிங் பிரிவுக்கு மாறச் சொன்னார். "கறுப்பு வெள்ளை. அங்கே உன்னை யாரும் மடக்க முடியாது."

மடக்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லையே. ஆனால் மாறுகிறேன்.

16.9.1976

எச்சிங் பிடித்துப்போய்விட்டது. துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் இறக்கினால் கோட்டில் மட்டும் அரிக்கும். அதிக நேரம் விட்டால் பள்ளத்தில் மை நிறையப் பிடிக்கும், அச்சில் கறுப்பு கூடும். கறுப்பில் இத்தனை படி இருப்பது தெரியாமலே இருந்துவிட்டேன். மலைச்சாரல், மழைக்கு முன்னால், மழைக்குப் பின்னால், எல்லாம் வரும். சட்டையில் ஆசிட் ஓட்டை. அக்காவுக்குப் பெரியகுளத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. முதல் நல்ல பிரிண்ட் அவளுக்கு அனுப்பினேன்.

ஆனால் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. இதுவரை நான் தொட்ட கலர் எல்லாம் யாரோ சொன்னது, இல்லை டியூபில் எழுதியிருந்தது. எதையும் படிக்காமல், யாரையும் கேட்காமல், கண்ணுக்குச் சமமாக வரும் வரை கலந்தால் என்ன வரும்? தப்பாக வரும் என்று தெரியும். எந்த மாதிரித் தப்பு?

27.12.1977

சுருளிப்பட்டி. கடைசி வருஷம். டிப்ளமாவுக்கு வேண்டிய எச்சிங் ஆறும் முடித்துவிட்டேன். கூட ஒரே ஒரு பெயிண்டிங். மாஸ்டர் வேண்டாம் என்றார், மார்க் போகும் என்றார். பிறகு அவரே தன் பெட்டியில் இருந்து டியூப்கள் கொடுத்தார், லேபிளைச் சுரண்டிவிட்டு.

பந்தலுக்கு வெளியே கேன்வாஸைக் கட்டி நிறுத்தினேன். காற்றுக்குக் கல் வைத்தேன். கத்தி நுனியில் கலர் எடுத்து, இலைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒன்றாக மறையும் வரை கலந்தேன். மண்ணுக்கும் அப்படியே. வேலை ஓடியே ஓடிவிட்டது. நொண்டவில்லை.

மாமா வெளியூர்ச் சந்தைக்குப் போய்விட்டார். அத்தை தாயமங்கலம் கோயிலுக்கு, வேண்டுதல். முடிக்கிற வரைக்கும் யாரும் பார்க்கவில்லை. ஈரம் காயாமலே மெட்ராஸுக்கு எடுத்துப் போக வேண்டும். எனக்குத் தோட்டம் அப்படியே தெரிகிறது. மற்றவர்களுக்கு என்ன தெரிகிறதோ.

12.4.1978

டிப்ளமா. வெளியில் இருந்து வந்த தேர்வாளர் இருவர். எச்சிங்கில் ஒவ்வொன்றாக நின்றார்கள். பெயிண்டிங் வந்ததும் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மண்ணு பச்சையா இருக்கு. இலை செம்பட்டையா இருக்கு. ஏன்?"

"எனக்கு அப்படித்தான் தெரியுது சார்."

"எல்லா மாடர்ன் ஆர்ட்டிஸ்ட்டும் இதையேதான்பா சொல்றான்."

"இல்ல சார். நெஜமாவே அப்படித்தான் தெரியுது."

மாஸ்டர் பின்னால் இருமினார். அவர்தான் விளக்கினார். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. ஏமாந்த மாதிரி முகம். இளையவர் மட்டும் போகும்போது திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார்.

எச்சிங்கில் முதல். மொத்தத்தில் இரண்டாம் வகுப்பு. பாஸ்.

18.5.1978

போடி. கேன்வாஸைச் சுருட்டிக் கொண்டுவந்தேன். அப்பா கடையிலேயே விரிக்கச் சொன்னார். நாலு மூலையிலும் பூட்டு வைத்து.

ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த எலைக்கு என்னென்ன கலந்த?"

"தெரியாதுப்பா. சேர்ற வரைக்கும் கலந்தேன்."

"ம்." குனிந்து மோந்து பார்த்தார், எண்ணெய் நல்லதா என்று. "கடையில மட்டும் மாட்டிப்புடாத. வர்றவன் பொடி சாயம் போயிருச்சும்பான்."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "பையன் டிப்ளமா முடிச்சிட்டான்" என்றார். படத்தையும் காட்டினார்.

21.5.1978

சுருளிப்பட்டி. நேற்றுக் கோடை மழை. பந்தலில் இருந்து இன்னும் சொட்டுகிறது.

படத்தை வீட்டுக்குள் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அத்தைதான் முதலில் பார்த்தாள். "நம்ம தோட்டமா? ஏம்ப்பா எலையெல்லாம் கருகிக் கெடக்கு? மண்ணு பாசி புடிச்ச மாதிரி!"

மாமா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தார். நின்றார். துண்டில் இருந்து தண்ணீர் தரையில் விழுந்துகொண்டே இருந்தது.

"அப்படியே இருக்கேய்யா," என்றார்.

"எது அப்படியே? எலை என்ன கலருலயா இருக்கு?"

"எனக்கு அப்படித்தான் இருக்கு."

அத்தை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அது அவர் சொல்ல வேண்டியது.

"எனக்கு எலையும் மண்ணும் ஒரே சாயல்தான். பொறவியிலயே. மாப்ளைக்கும் அப்படித்தான். ஒனக்குச் சொல்லல."

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம்தான் பேசினாள், அவர் அங்கே இல்லாத மாதிரி. "அதான் தக்காளி பறிக்கிறப்பெல்லாம் இடுப்பு வலின்னாகளா? அதான் கம்பத்துல சேலை எடுக்கப் போனா, நீயே பாத்துக்கன்னுட்டு வெளிய போயி நிப்பாகளா? நான் என்ன நெனச்சேன் தெரியுமா பாண்டி? எனக்கு எடுக்குறதுல பிரியமில்லன்னு நெனச்சேன். இத்தன வருஷமா."

மாமா துண்டைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

அத்தை எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம். கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்தாள். "அரக்குச் சேலை, அரக்குச் சேலைன்னு வாய் நெறையச் சொல்வீகளே?"

"எல்லாரும் அரக்குன்னாக. நானும் சொன்னேன்."

"நீங்க என்ன பாத்தீக? அதச் சொல்லுங்க."

மாமாவுக்குச் சொல்ல வரவில்லை. எப்படி வரும்? கலருக்குப் பேர் எல்லாம் மற்றவர்கள் வைத்தது. என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ போட்டுக் காட்டு."

டியூப்களை எடுத்தேன். லேபிள் இல்லாதவை. சேலை ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேப்பரை வைத்துக் கலந்தேன். மாமா தோளுக்கு மேல். "இன்னும் கொஞ்சம் இருட்டு. போதும். இல்ல, இன்னும் ஒரு சொட்டு." கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் நெருங்கின. ஒரு நேரத்தில் பேப்பர் எது சேலை எது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. "இதான்" என்றார் மாமா.

அத்தை பேப்பரை வாங்கினாள். சேலையைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். "இதுவும் இதுவும் ஒண்ணா உங்களுக்கு?"

"ஆமா."

"இது காய்ஞ்சும் காயாத வேப்பெலை மாதிரி இருக்கு. இந்தக் கலருலயா நான் மணவறையில வந்து உக்காந்தேன்?"

"ஆமா."

"எப்படி இருந்தேன்?"

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையால் அந்தப் பேப்பரைக் காட்டினார், அதைப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

அத்தை பேப்பரை ஜன்னலோரம் கொண்டுபோனாள். ஈரம். உதட்டைக் குவித்து ஊதினாள். ஊதிக்கொண்டே கேட்டாள்:

"பாண்டி, இதே கலருல கம்பத்துல சேலை கெடைக்குமாப்பா?"